சந்திரவல்லி எண்ணிய அறுபத்து நான்கு புள்ளிகள்

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர் யாரிடமாவது சந்திரவல்லியைப் பற்றிக் கேளுங்கள். "அந்தம்மா கை வச்சுச் சொன்னா அப்பீல் கெடையாது" என்பார்கள். நான் வேலை பார்க்கும் கோடவுனில் இருபது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மூட்டை முழுவதும் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடியவள் இவள் ஒருத்திதான். நூறு காயை எண்ணித் தட்டில் பரப்புவாள். கரும்புள்ளி விழுந்தது, பூச்சி அரித்தது, வாய் வெடித்தது எல்லாவற்றையும் ஒரு ஓரமாக ஒதுக்குவாள். ஒதுக்கியது பதினைந்தைத் தாண்டினால் தட்டைத் தள்ளிவிட்டு, "இது தேறாதுண்ணே" என்பாள். முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். அவள் சொல்வதை எழுதி மூட்டையில் ஒட்டுவது என் வேலை. பதினான்கு வருஷத்தில் ஒரு மூட்டைகூட அவள் சொன்னதற்கு மாறாக இருந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் எண்ணிக்கை தப்பாது என்று நம்பி, நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மூச்சு இருந்த ஒரு மனிதனைச் சாக அனுப்பப் பார்த்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பெரிய மனிதன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அந்த மனிதர் அவளுடைய புருஷன் சுருளிவேல். ஜீப்பு ஓட்டுகிறவர். விடிந்ததும் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வழியாகப் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். வாய் ஓயாத ஆள். வளைவுக்கு வளைவு ஒரு கதை சொல்வார், அதில் பாதி பொய். போன ஆடி மாதம் நல்ல சாரலில் இறங்கி வரும்போது, எதிரே ஏறி வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் ஜீப்பு தடுப்புச் சுவரில் மோதியது. உள்ளே இருந்த பெண்களுக்குச் சிராய்ப்பும் ஊமைக்காயமும்தான். இவர் மட்டும் வெளியே தூக்கி எறியப்பட்டுச் சுவர்க்கல்லில் தலை அடித்து விழுந்தார். ரத்தம்கூட அதிகமாக வரவில்லை. தூங்குகிற மாதிரி கிடந்தார் என்று சொன்னார்கள்.

தேனி ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கோடவுனில் சொல்லிவிட்டு நானும் கூடப் போயிருந்தேன். ஆபரேஷன் செய்து எடுக்கிற அளவுக்கு ரத்தக்கட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். சுருளிவேலின் அண்ணன் ஜக்கையன் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். ரத்தக்கட்டு இல்லாமலே ஒரு மனிதன் கண் விழிக்காமல் கிடப்பான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் ஆகியும் அசைவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். தொண்டைக்குள் குழாய், பக்கத்தில் மூச்சு விடுகிற மிஷின். டாக்டர் புருவத்து எலும்பை அழுத்தினால் இவர் கை இரண்டும் விறைத்துக்கொண்டு நீளும். வலி தெரிகிறது போல என்று நான் ஆறுதல் சொன்னேன். "அப்படி நீட்டக் கூடாதாம்ண்ணே. அழுத்துற கையத் தட்டிவிட்டாத்தான் நல்லதாம். நர்சம்மாட்ட கேட்டேன்" என்றாள் சந்திரவல்லி. அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்லவில்லை.

எட்டாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஏன் கண் விழிக்கவில்லை, இனி எந்த அளவுக்குத் தேறுவார் என்பதை அதைப் பார்த்து ஓரளவுக்குச் சொல்லலாம் என்றார்கள். டாக்டர் சாயங்காலம் வந்து பேசுவார் என்று சொல்லிவிட்டுக் காலை பதினொரு மணிக்கே படத்தை ஒரு பெரிய உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பேசாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். "பாப்போம் கொண்டாங்கண்ணே" என்று அவள் கேட்டதும் கொடுத்தேன்.

வராந்தா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு தாளில் இருபது சின்னச் சின்ன வட்டங்கள். சாம்பல் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு மூளை. அவற்றில் அங்கங்கே கரும்புள்ளிகள். அவள் முகம் கோடவுனில் இருக்கிற முகமாக மாறியதை நான் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. மேல்வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. சுட்டுவிரல் நகத்தால் தொட்டுத் தொட்டுப் போனாள். கடைசி வட்டம் வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். 

"அறுவத்தி நாலு" என்றாள். "ரெண்டு தடவ எண்ணிட்டேன். இருவது வட்டத்துல அறுவத்தி நாலு. பதினஞ்சுக்கே நான் தள்ளிருவேனேண்ணே."

 அவள் படத்தை உறைக்குள் போட்டாள். அவசரப்படவில்லை. ஓரம் மடங்காமல் போட்டாள். பிறகு அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது தேறாதுண்ணே" என்றாள். மூட்டையைச் சொல்கிற அதே குரல்தான். 

ஒரு வார்த்தை போதும், மீதியை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜக்கையன் கெட்டவர் இல்லை. தம்பிக்காக எட்டு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவர். ஆனால் வல்லியே சொல்லிவிட்டாள் என்றதும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. "குழாயோட போட்டு எதுக்கு அவன வதைக்கணும்? உசுரு இருக்கயிலயே வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். வெரசா ஆகட்டும், பெரியவுக மொகத்தப் பாக்கணும்ல" என்றார். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் சாகவிடக் கூடாது, வீட்டு வாசலைத் தாண்டியாவது மூச்சு நிற்க வேண்டும். மிஷினைக் கழற்றினால் வழியில் இருக்கிற உசிலம்பட்டிவரைகூடத் தாங்காது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் "வீட்டுக்கு, வீட்டுக்கு" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அரைமணி நேரத்தில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஜக்கையன் மாடிப்படி ஓரமாக நின்று போனில் யாரிடமோ, "கல்யாணப் போட்டோ வேண்டாம்ப்பா, ஜீப்புக்கு முன்னாடி நிக்கிறது இருக்கு, அனுப்பிருக்கேன், அதப் போடு. பேரு சுருளிவேல். தேதிய மட்டும் காலியா விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போடியில் பிளெக்ஸ் கடைக்காரனிடம் கண்ணீர் அஞ்சலிக்குச் சொல்கிறார். உள்ளே மிஷின் சத்தத்தில் அந்தத் தம்பியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே தேதிக்கு இடம் விட்டு அச்சடிக்கிறார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, பாருங்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

சந்திரவல்லியின் மகள் சுகன்யா, பத்தாவது படிக்கிறவள், என் வீட்டில் இருந்தாள். அப்போது பார்த்து அவள் போன் வந்தது. "அப்பா கண்ணு முழிச்சுருச்சாம்மா?" சந்திரவல்லி போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் ஏதோ உளறி வைத்துவிட்டேன்.

'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் டாக்டர், அனுப்பிரியா என்று பெயர். எங்கள் பக்கத்துத் தேவாரம் ஊர்ப் பெண் என்று பிறகு தெரிந்தது. ராத்திரி முழுக்க வேலை பார்த்த களைப்பு கண்ணில் இருந்தது.

"சாயங்காலம் பெரிய டாக்டர் பேசுறேன்னு சொல்லிருக்காரு. அதுக்குள்ள ஏன்க்கா கூட்டிட்டுப் போறீங்க?"

"பாத்துட்டேன் டாக்டரம்மா. அறுவத்தி நாலு எடத்துல கெட்டுப்போயிருக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

"நாந்தான் எண்ணுனேன். எனக்கு அதுதான் சோலி. ஏலக்கா பொறுக்குறவ."

டாக்டர் சிரித்திருந்தால் அவள் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பாள். அவர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கி, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, "எங்க, எண்ணிக் காட்டுங்க" என்றார்.

சந்திரவல்லி எண்ணிக் காட்டினாள். பதினேழாவது புள்ளியில் டாக்டர் நிறுத்தினார். "அக்கா, இது இருவது மூளை இல்ல. ஒரே மூளைய மேல இருந்து கீழ வரைக்கும் நறுக்கி நறுக்கி எடுத்த படம். ஒரு கொய்யாப்பழத்த வட்டம் வட்டமா நறுக்குனா ஒரே புழுவோட தடம் மூணு துண்டுல தெரியும்ல? இங்க பாருங்க, இது, இது, இது. மூணும் ஒரே புள்ளி. நீங்க மூணா எண்ணிட்டீங்க."

வல்லி அந்த மூன்றையும் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்புறம் இது புள்ளியே இல்ல. ரத்தக்குழாய் குறுக்கால வெட்டுப்பட்டா இப்படித்தான் கருப்பாத் தெரியும். உங்க தலைய எடுத்தாலும் இருக்கும், என் தலையிலயும் இருக்கும்."

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அறுபத்து நான்கு குறைந்து குறைந்து பதினொன்றில் நின்றது. "பதினொண்ணு! பதினஞ்சுக்குக் கீழ" என்று நான் பின்னால் நின்று கூவிவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் சந்தோஷம் செத்தது.

"எண்ணிக்கைய வச்சு மட்டும் சொல்ல முடியாதுண்ணே. எந்த எடம்ங்கிறதுதான் முக்கியம்." கீழ்வரிசையில் ஒரு வட்டத்தைத் தொட்டார். நடுவில், பின்பக்கமாக, கடுகளவு கருப்பு. "இது மூளைத்தண்டு. முழிப்பு, மூச்சு எல்லாத்துக்கும் இந்த வழியாத்தான் போகணும். மேல இருக்கிற பத்த விட எனக்கு இந்த ஒண்ணுதான் பயமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டரே பயம் என்று சொன்னால் மனிதன் எங்கே போவான்?  சந்திரவல்லிதான் கேட்டாள். "அப்ப தேறுவாரா, தேற மாட்டாரா?"

"இவரு வயசு, இவரு மாதிரி அடி, இவரு மாதிரி படம், இப்படி நூறு பேர எடுத்துக்கிட்டா, ஆறு மாசத்துல ஒரு நாப்பது பேராவது தன்னோட வேலையத் தானே பாத்துக்கிற அளவுக்கு வந்துருவாங்க. மிச்சப் பேரு..." நிறுத்தினார். "இவரு எந்தப் பக்கம்னு படம் சொல்லாதுக்கா. பெரிய டாக்டரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாரு."

வல்லி அந்தக் கடுகளவுப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினாள். "மூட்டைக்குச் சொல்லலாம். நூத்துக்கு இம்புட்டுன்னு சொல்லலாம். ஒத்தக் காயக் கையில குடுத்து, நாப்பதுன்னு சொன்னா என்ன அர்த்தம்? இருக்கது ஒரு காயி. எனக்கு இருக்கது ஒரே காயி டாக்டரம்மா." அதோடு குரல் உடைந்து அழுதாள். எட்டு நாளில் அன்றைக்குத்தான் அழுதாள்.

அந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க ஒப்புதல் கேட்கிற வேறொரு காகிதத்தில் போட்டாள். வெளியே வந்து ஜக்கையனிடம் சொன்னபோது அவர் கத்தினார். "நீதானத்தா தேறாதுன்ன? இப்ப மாத்திப் பேசுற? நாளைக்கு அவன் கட்ட மாதிரி கெடந்தா யாரு பாப்பா?"

"நாந்தான் தப்பா எண்ணிட்டேன் மாமா" என்றாள். பதினான்கு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கட்ட மாதிரி கெடந்தா நான் பாப்பேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் பட்ட பயத்தை என்னால் எழுத முடியாது. முன்னாலாவது முடிந்துபோனது என்ற தெளிவு இருந்தது. இப்போது நாற்பதும் அறுபதும் இரண்டு பக்கமும் நின்று இழுத்தன. போன் அடித்தால் நடுங்கினாள். மிஷினில் மணி அடித்தால் நடுங்கினாள், அடிக்காவிட்டால் அது நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். பத்தொன்பதாம் நாள் அவர் கண்ணைத் திறந்தார். வார்டே கூடியது. ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. கண் மூடிக் கிடந்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜக்கையன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், "நான் சொன்னேன்ல" என்கிற மாதிரி. இருபத்தேழாம் நாள் டாக்டர் அனுப்பிரியா, "ரெண்டு விரலக் காட்டுங்க" என்றார். வலது கையில் இரண்டு விரல் எழுந்தது. வல்லி அந்த விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எனக்குக் காட்டி, "ரெண்டுதானண்ணே?" என்று கேட்டாள். அவளுக்கு அவள் எண்ணிக்கை மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து இன்னொரு ஒப்புதல் கேட்டாள். இப்படி அடிபட்டவர்களின் படங்களைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். படம் இப்படி இருந்தால் ஆள் எப்படித் தேறினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இனி வருகிறவர்களுக்கு இன்னும் சரியாகச் சொல்லலாமாம். அடிபட்டு ஆறு மாதம் ஆனதும் போன் செய்து கேட்போம் என்றாள். வல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சுருளிவேல் வீட்டுக்கு வந்தது பழைய சுருளிவேல் இல்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், மகள் பெயர் சொல்கிறார். கதை சொல்வது நின்றுபோயிற்று. இடது கை நடுங்கும். ஜீப்பு ஓட்ட முடியாது. காலையில் சொன்னது மத்தியானம் மறந்துவிடும். சட்டென்று கோபம் வரும், அது போனதும் குழந்தை மாதிரி முழிப்பார். சந்திரவல்லி கோடவுனுக்கு வருவதை விட்டாள். காயை மூட்டையோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுக்கினாள். அவர் கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள்.

தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் போன் வந்தது. நான் காய் எடுத்துவரப் போயிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சாப்பாடு தானாகச் சாப்பிடுகிறாரா? ஆமாம். குளிக்கிறாரா? ஆமாம். கடைக்குத் தனியாகப் போவாரா?

"போவாரு. நான் பின்னாலயே போவேன்."

"பகல்ல எட்டு மணி நேரம் வீட்ல தனியா இருக்க முடியுமாம்மா?"

வல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பொறுமையாக, "முடியாதுன்னு போட்டுக்கவா?" என்றாள்.

"போட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. இவரு மாதிரி படம் இருக்கிறவங்களுக்குக் கணக்குப் பாக்கும்போது, தன்னைப் பாத்துக்கிற அளவுக்கு வரலைன்னு இவரையும் சேத்துக்குவாங்க."

அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிந்தது. மதுரையில் ஏதோ ஒரு வராந்தாவில், எவளோ ஒருத்தியிடம், யாரோ ஒரு டாக்டர் ஒரு எண்ணைச் சொல்லப்போகிறார். அந்த எண்ணில் இவள் வாய்ச்சொல்லும் இருக்கும். "நான் விட்டுப் பாத்ததில்லம்மா. தெரியாததச் சொல்லக் கூடாது. நாளான்னைக்குக் கூப்புடுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோடவுன் வாசலில் சந்திரவல்லி நின்றாள். சுகன்யா பள்ளிக்கூடம் போய்விட்டாள், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர ஆறு மணி ஆகும். சாப்பாட்டை மூடி வைத்து, அஞ்சு மணிக்கு வந்துவிடுவேன் என்று அவரிடம் மூன்று தரம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்திருக்கிறாள். "போன் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "பண்ணுனா அது தனியா இருந்ததாகாதுண்ணே" என்றாள். அன்றைக்கு அவள் பொறுக்கிய தட்டை நான் பார்த்தேன். நல்ல காயெல்லாம் ஒதுக்கிய பக்கத்தில் கிடந்தது. பகல் சாப்பாட்டைத் தொடவில்லை. தெருவில் எவனாவது ஓடினால் எழுந்து நின்றாள். நடந்தால் பத்து நிமிஷத்தில் வீடு. கேஸ் அடுப்பு, மாடிப்படி, ரோட்டில் லாரி என்று என் மனசும் எங்கெங்கோ போனது. எனக்கே அப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

மணி ஐந்தானதும் செருப்பைப் போடாமல் ஓடினாள். நான் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

சுருளிவேல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அடி இல்லை, காயம் இல்லை. உள்ளே சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது. அவர் கண் சிவந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அவள் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போன? நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சேன். யார்ட்டக் கேக்குறதுன்னு தெரியல. வெளிய போனா நீ வந்துட்டுத் தேடுவியேன்னு இங்கனயே இருந்தேன்."

ஆறு மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவள் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் செருப்பை வாசலில் வைத்துவிட்டு நின்றேன்.

மறுநாள் போன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன், அன்றைக்கும் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் தடுமாறவில்லை. "இருந்தாரும்மா. எட்டு மணி நேரம் இருந்தாரு. முடியும்னு போட்டுக்கங்க."

"சரிம்மா, ரொம்ப நன்றி."

"நில்லுங்க. பயந்துட்டாரு. அதையும் போடுங்க."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "அதுக்குக் கேள்வி இல்லம்மா. முடியும், முடியாது, ரெண்டுதான் இருக்கு."

"அப்ப ஓரத்துல எழுதுங்க" என்றாள் சந்திரவல்லி. "தனியா இருந்தாரு, நாள் பூராவும் பயந்துக்கிட்டே இருந்தாருன்னு எழுதுங்க. அவரு பொண்டாட்டியும் அப்படித்தான்னு எழுதுங்க. எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

மறுமுனையில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் வாசித்தாள்.